வியாழன், இரண்டேகால்

பகல் முறை முடித்தவர்கள் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை.
மாலை முறைக்காரர்கள் இன்னும் தொடங்கவில்லை.
அந்த இருபத்தைந்து நிமிட இடுக்கில்தான்
எங்கள் வாசிப்பு வட்டம்.

மூன்றாம் மாடி,
பால்புட்டி கழுவும் அறைக்கு அடுத்தது.
சென்ட் காலனில் மழை வந்தால்
இந்த ஜன்னலுக்குத்தான் முதலில் தெரியும்.
ஐந்து பேர் வந்தால் கூட்டம்.
மூன்று பேர் வந்தாலும் கூட்டம்தான்.
முதல் மாதம் நானும் ஒரு தட்டு பிஸ்கட்டும் மட்டும்.
பிஸ்கட்டுக்காக எட்டிப்பார்த்த லடீனாவைக்
கதவருகே மறித்து உட்காரவைத்தேன்.
அதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

கட்டுரை ஆங்கிலத்தில்.
பேச்சு சுவிஸ் ஜெர்மனில்.
ஓரக்குறிப்பு மட்டும் தமிழில் எழுதுவேன்,
யாரும் எட்டிப் படித்துவிட முடியாதே.
'இந்த வரைபடம் பொய் சொல்கிறது' என்று
ஒருமுறை எழுதிவைத்தேன்.
தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தவள் நான்.

இன்றைக்கு
பிறந்து மூன்றே நாளான குழந்தைகள், அறுபத்திரண்டு பேர்.
குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும் முன்
பாதிப் பேர் நாக்கில் இரண்டு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர்,
மீதிப் பேருக்கு வெறும் தண்ணீர்.
பிறகு கடிகாரத்தோடு நின்று
அழுகையை நொடி நொடியாக அளந்திருக்கிறார்கள்.

சேனை என்று எங்களிடம் ஒரு சொல் உண்டு.
பிறந்த நாக்கில் முதல் இனிப்பு.
தொட்டு வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள்.
ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன்.
"கையுறை போட்டுத்தானே?" என்று கேட்டான் ரேட்டோ.
விட்டுவிட்டேன்.

தற்செயல் என்றால் என்ன என்று விளக்க
ஐந்து ராப்பன் காசைச் சுண்டினேன்.
அது மேசைக்கடியில் உருண்டது.
தேடி எடுக்கவே இரண்டு நிமிடம்.
பூவா தலையா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

அப்போதுதான் பெசார்த்தா வாய் திறந்தாள்.
நாலு மாதமாக வருகிறாள், இதுதான் முதல் பேச்சு.
விரல் இரண்டாம் அட்டவணையின் மேல்.
"அளந்தது அழுகையை.
வலி எந்தக் கட்டத்தில் இருக்கிறது?"

பக்கத்து அறையில்
புட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"பதினொன்றாம் அறைப் பையன்
ஏழு வாரமாக இங்கேதான் கிடக்கிறான்.
எண்பது குத்தாவது வாங்கியிருப்பான்.
இப்போது அழுவதே இல்லை.
இந்தக் கணக்கில் அவன் பூஜ்யம் நொடி.
நமக்குக் கிடைத்த மிக நல்ல முடிவு அவன்தான்."

அழுத பிள்ளை பால் குடிக்கும்.
எத்தனை முறை சொல்லியிருப்பேன் இதை,
சம்பளம் கூட்டிக் கேட்கத் தயங்கிய தோழிகளிடம்!
அழாத பிள்ளையைப் பற்றி
அந்தப் பழமொழி அதற்குமேல் பேசுவதில்லை.
ஓரத்தில் தமிழில் எழுதினேன், அடித்தேன்.
பிறகு ஜெர்மனில், பெரிய எழுத்தில்,
தாளை மேசை நடுவே தள்ளினேன்:
குத்தும்போது அவன் விரல்கள் எப்படி இருக்கின்றன?

"விரிந்து," என்றாள் லடீனா, யோசிக்காமலே,
"நட்சத்திரம் மாதிரி. நெற்றியில் ஒரு மடிப்பு."
ரேட்டோ கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தான்.
"மூச்சைப் பிடித்துக்கொள்கிறான்.
நேற்று நான் அதை 'அமைதி' என்று பதிவு செய்தேன்.
என் கையெழுத்து இருக்கிறது."

தொலைபேசி அலறியது. இரண்டு நாற்காலி காலி.
முடிவுரைக்கு நாங்கள் போகவே இல்லை.
மேலிடத்துக்கு அனுப்பும் படிவத்தில்
'இன்று கற்றது' என்று ஒரு பெட்டி.
அதைத் தவிர மற்றதெல்லாம் நிரப்பினேன்,
பிஸ்கட் உட்பட, நாலு பிராங்க் இருபது.

மாலை ரத்தம் எடுக்கும் வேளையில்
முறை முடிந்தும் ரேட்டோ வீட்டுக்குப் போகவில்லையாம்.
மேல்சட்டை போட்டபடியே பதினொன்றாம் அறையில் நின்று,
கழுவிய கையில் ஒரு விரலை மட்டும் நீட்டி,
அந்த நட்சத்திரம் மூடிக்கொள்ளும்வரை.
பையன் அழுதானாம். கொஞ்சம்.
பெசார்த்தா எனக்குச் செய்தி அனுப்பினாள்,
பதினொரு நொடி என்று.

ஒரே ஒருவனை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.
போன மாதம் இதே அறையில்
அவர்களுக்கு அதைச் சொன்னவள் நான்தான்.