மூன்றாவது உருண்டை

முதல் உருண்டை ஒன்றும் செய்யவில்லை.
ஏலக்காய், நெய், ஈரம் பட்ட பழைய புத்தகம்,
அந்த ருசி, அவ்வளவுதான்.
ஒரு மணித்தியாலம் பொறுத்துப் பார்த்து இரண்டாவது.
மூன்றாவது ஏன் என்று கேட்காதீர்கள்.
தெமட்டகொடைப் பெட்டிக்கடைக்காரர்
வெற்றிலைக் கூறுகளுக்குப் பின்னால் கைவிட்டு எடுக்கும்போதே சொன்னவர்:
“தம்பி, பாதி காணும்.”
மதன மோதகம்.
பெயரைக் கேட்டுப் பலகாரமென்று நம்பியது நாக்கு.

பத்தரைக்கு
மின்விசிறி என் பெயரைச் சொல்லத் தொடங்கியது.
முழுப்பெயர், தகப்பன் பெயரோடு,
அடையாள அட்டையில் இருக்கிற மாதிரி.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி,
கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிற அறை.
என் கைகள் இரண்டும் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான்கள்.
உதடு வறண்டு பல்லில் ஒட்டிக்கொண்டது.
மணி பார்த்தேன், பதினொன்று நாற்பது.
ஒரு வருடம் கழித்து மறுபடி பார்த்தேன்.
பதினொன்று நாற்பத்திரண்டு.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்றேன்.
இன்ஷாப் எழும்பிப் போய்த் திறந்தே காட்டினான்.
“ஒருத்தரும் இல்ல மச்சான். ஒண்ட நெஞ்சுதான்.”

அந்தத் தட்டலை எனக்குத் தெரியும்.
பத்து வயதில், இங்கிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி,
முதலில் டோர்ச் வெளிச்சம், பிறகு சப்பாத்து,
பிறகு எத்தனை பேர், எங்கே பதிவு,
எதற்காகக் கொழும்பு.
அப்பா கடதாசிகளை நெஞ்சோடு பிடித்தபடி
சிங்களத்தில் சிரித்தார்.
அந்த இரவு என்னைக் காலி செய்துகொண்டு
எப்போதோ போய்விட்டதென்று நினைத்திருந்தேன்.
போகவில்லை.
பின்னறையில், வாடகை தராமல் இருந்திருக்கிறது.

“ஆம்புலன்ஸுக்கு எடு.”
“எடுக்கிறன். நீ மயங்கினா, மூச்சு மாறினா, அந்த நிமிஷமே எடுக்கிறன்.
இப்ப நீ கதைக்கிறாய்.
கதைக்கிறவன் மவுத்தாகிறல்ல.”
போனைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டான்.
அமைதியாக இரு என்று ஒருதரமும் சொல்லவில்லை.
அதற்காகவே அவனுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

குளியலறைத் தரையில் இருத்தினான்.
ஓட்டின் குளிர் உள்ளங்காலில் ஏறியது,
இது என் கால் என்று முதல் சாட்சி.
தேசிக்காய் ஒன்றை வெட்டி மூக்கடியில் பிடித்தான்.
தண்ணீர், மிடறு மிடறாக.
பிறகு என்ன நினைத்தானோ,
ஒரு தட்டில் மைசூர்ப் பருப்பைக் கொட்டி
“கல்லுப் பொறுக்கு” என்றான்.

சாகப்போகிறவனிடம் பருப்பைத் தருகிறான் இவன்.
ஆனாலும் விரல்கள் இறங்கின.
ஒரு செம்மஞ்சள், இன்னொரு செம்மஞ்சள்,
பொய்க் கல், உமி, இன்னொரு செம்மஞ்சள்.
நடுவில் இரண்டு தரம் அழுதேன், எதற்கென்று தெரியாது.
நடுவில் கெக்கட்டமிட்டுச் சிரித்தேன், அதற்கும் தெரியாது.
கடைசி ரயில் பாணந்துறைப் பக்கம் போனது.
சுவர் நடுங்கியது, வாளித் தண்ணீர் நடுங்கியது,
தட்டில் பருப்பு நடுங்கியது.
முதல் தடவையாக
நடுங்கியது நான் மட்டுமில்லை.

இன்ஷாப் கதவு நிலையில் சாய்ந்து
பழைய கிரிக்கெட் மேட்ச் ஒன்றை
பந்து பந்தாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.
பதினேழாவது ஓவருக்கும் பதினெட்டுக்கும் இடையில்
எங்கோ நான் தூங்கியிருக்கிறேன்.

விடிய ஆறரைக்குப் பாண் ஓட்டோ
அதே தேய்ந்த மெட்டோடு ஒழுங்கைக்குள் திரும்பியது.
தலைக்குள் ஈரத்துணி. வாயில் மண்.
ஆனால் சீனிச்சம்பல் பணிஸ் மூன்று தின்றேன்,
மூன்றாவதை எடுக்கும்போது இன்ஷாப் பார்த்த பார்வையை
எழுத எனக்கு ஏலாது.

அரைக் கிலோப் பருப்பில் அகப்பட்டது ஒரே ஒரு கல்.
அரிசி அளவு, கறுப்பு. சேர்ட் பொக்கெட்டில் கிடக்கிறது.
நாலாவது உருண்டை இன்னும் மேசையில்,
தாள் அவிழ்ந்தபடி.
எறும்புகள் வரிசையாக வந்து
அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன.