ஒரு நூல்

விற்றால் கடன்தான் மிஞ்சும் என்றார்
வங்கிக்காரர்.
அதனால் கூடத்தை இரண்டாக்கினோம்.

ஜிப்சம் பலகையின் ஒரு நுனியை
ஊர்மஸ் பிடித்தான்.
மறுநுனிக்கு என்னை விட்டால் ஆளில்லை.
"இன்னும் கொஞ்சம் தூக்கு, மாரெத்."
பதினோரு வருடத்தில்
இவ்வளவு பொறுமையாக அவன் பேசிக் கேட்டதில்லை.

டார்ட்டுவில் மூன்றரைக்கே இருட்டு.
டிரில் நின்றதும்
தெருவில் யாரோ பனி வழிக்கும் சத்தம்.

கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும்?
வக்கீல் தந்த தாளில் அது இல்லை.
உன் பக்கம், என்றேன்,
அங்கேதான் இடம்.

கீல் ஒரு நூல் சாய்ந்துவிட்டது.
சாத்தச் சாத்தத்
தானே திறந்துகொள்கிறது.
ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு
நாளைக்குச் சரிசெய்கிறேன் என்றான்.

மார்ச் வந்துவிட்டது.
வக்கீல் தாளை எட்டாக மடித்து
அடியில் செருகியிருக்கிறான்.
தட்டினால்
குனிந்து எடுக்கிறான்.