காற்று எந்தப் பக்கம்

கார்லொவாட்ஸில் ஆறுகள் நான்கு.
மேடு என்று சொல்லிக்கொள்ள
பாலங்கள்தான் உண்டு.
முப்பத்தெட்டு வருடம் வீடு வீடாய்க் குனிந்து
தண்ணீர் மீட்டர் படித்த விலிம்
இப்போது சமையலறை மேசைமேல் குனிந்து
மலை படிக்கிறார்.
வரைபடம் சுருண்டுகொள்ளாமல் இருக்க
ஒரு மூலையில் உப்புச் சாடி,
ஒரு மூலையில் மூக்குக்கண்ணாடிக் கூடு,
மற்ற இரண்டுக்கும் அவர் முழங்கைகள்.

நூற்றுப் பத்துக் கிலோமீட்டர்.
யோசிப்தோல் வரை சோளக்கொல்லை, மர அறுவை ஆலை,
பயமில்லை.
அப்புறம் கோடுகள் நெருங்குகின்றன
சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி.
எழுநூறு மீட்டர் உயரத்தில் வ்ராத்னிக் கணவாய்.
அங்கே கடல் தெரியும்.
பார்த்து முடிப்பதற்குள்
பதினான்கு கிலோமீட்டர் சரிந்து
ஸெஞ்.

அந்த ஊர்க் காற்றுக்குப் புரா என்று பெயர்.
சின்ன ரகரத்தைப் பெரிய றகரம் ஆக்கினால்
நம்மூரில் அது தானியம் பொறுக்கும்.
அங்கே
லாரியைப் படுக்க வைக்கும்.
மீன்கடைக்காரியின் தராசைத்
தெருக்கோடியில் போய்த் தேட வைக்கும்.
ஒரு சட்டை காயப்போட
ஆறு கிளிப் மாட்டுகிறார்களாம்.

சைக்கிள் கடை யுராய் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு,
"இந்தப் பல்சக்கரத்தோடு ஏறினால்
முழங்கால் இரண்டையும் வழியில் புதைக்க வேண்டும்" என்றான்.
பெரிய பல்சக்கரம் அறுபது யூரோ.
விலிம் வாங்கினார். மாட்டவில்லை.
மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிற தங்கை மகன் சொன்னான்:
"புரா மலையிலிருந்து கடலுக்கு வீசும், மாமா.
போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும்.
திரும்பும்போதுதான்
நெஞ்சில் கை வைக்கும்."

திரும்பும்போது.
அந்தச் சொல்லில்தான் ஒன்பது மாதமாய்
ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்கிறார்.

நெவென்கா ஞாயிறுதோறும் கூப்பிடுவாள்.
துறைமுகத்துக்கு மேலே மூன்றாம் மாடி.
யாரோ ஒருவர் கல்யாணத்தில்
பக்கத்துப் பக்கத்து நாற்காலி, அவ்வளவுதான்.
எப்போது வருகிறீர்கள் என்று கேட்டதில்லை.
"இதைக் கேளுங்கள்" என்பாள்.
ஜன்னலைத் திறந்து போனை வெளியே நீட்டுவாள்.
கார்லொவாட்ஸ் சமையலறைக்குள்
ஒரு மலை மொத்தமும் சீட்டி அடிக்கும்.
"இந்தக் காற்றிலா சைக்கிள்?" என்பார் விலிம்.
"இந்தக் காற்றிலா" என்பாள் அவளும்.
இருவருக்கும் அதில் ஓர் ஆறுதல்.

இந்த ஞாயிறும் ஜன்னல் திறக்கும் சத்தம்.
பிறகு ஒன்றுமில்லை.
ஒரு படகின் மோட்டார்.
ஏதோ பையனைச் சாப்பிடக் கூப்பிடும் குரல்.
எங்கோ ஒரு கரண்டி விழுந்தது.
விலிம் போனைக் காதோடு இன்னும் அழுத்தினார்,
எங்கே ஒழுகுகிறது என்று
குழாயில் காது வைத்த பழக்கத்தில்.

"இன்றைக்குக் காற்றே இல்லை" என்றாள் நெவென்கா,
எதையோ உடைத்துவிட்ட குரலில்.

"திரும்பும்போது அடிக்குமே" என்றார்.

"திரும்பும்போதுதானே?"

வரைபடம் மடிக்க வரவில்லை.
ஒன்பது மாதம் விரிந்தே கிடந்ததில்
மடிப்புகளுக்குப் பழைய வழி மறந்துவிட்டது.
முழங்கை பட்டு உப்புச் சாடி சாய்ந்தது,
வ்ராத்னிக் மேல் கொஞ்சம் வெள்ளை.
ஊதிவிட்டார். போதவில்லை.
இன்னொரு முறை ஊதினார்.

இரவு பதினொன்றுக்குக் கொட்டகை விளக்கைப் போட்டுப்
பல்சக்கரத்தின் அட்டைப்பெட்டியைப் பிரித்தார்.
மாட்டும் முறை ஜெர்மன் மொழியில் அச்சாகி இருந்தது.
அகராதி வைத்துக்கொண்டு
ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்,
படித்து முடித்துவிட்டால்
மாட்ட வேண்டியிருக்கும் என்பதால்
மெதுவாக.