இருபத்துமூன்று டிகிரி

கோடை என்றால் எனக்கு
மஸ்கட்டில் ஒரு மொட்டைமாடி,
கையுறைக்குள்ளும் சுடுகிற ஸ்பேனர்,
கீழே யாரோ கதவைச் சாத்திக்கொண்டு
இன்னும் குளிரவில்லை என்று போன் செய்வது.

சலாலாவில் ஒரு மீன் கிடங்கின் குளிர்ப்பெட்டி பழுது.
வியாழன் இரவே முடிந்துவிட்டது.
வெள்ளி மிச்சம்.
"மலைக்குப் போவோம், சும்மாதானே" என்றான் இன்னாசி.

டாக்ஸி இறக்கிவிட்ட இடத்தில்
மலை இல்லை.
வெள்ளையாக ஏதோ நின்றது,
மீசையில் துளித்துளியாக வந்து உட்கார்ந்தது.
சேஃப்டி ஷூவோடு புல்லில் ஏறினோம்.
இரும்பு விழுந்தால் விரலைக் காக்கும் ஷூ
சேற்றில் ஒன்றுக்கும் உதவாது.
இரண்டு முறை விழுந்தான். மூன்றாவது நான்.

விழுந்த இடத்தில் பூ.
எழுந்து பார்த்தால் சரிவு முழுக்க.
இளஞ்சிவப்பில் காசித்தும்பை, முழங்கால் உயரம்;
அதன் காலடியில் நீலமாகக் கானாவாழை,
உச்சிப்பொழுதுக்குள் சுருண்டுவிடுகிற பூ.
பன்னிரண்டரைக்கு மேல்
வெளிவேலை கூடாது என்கிற கோடைச் சட்டத்தை
எங்கள் ஃபோர்மேனைவிட ஒழுங்காகக்
கடைப்பிடிக்கிறது.

வெப்பமானித் துப்பாக்கியைப்
பழக்கத்தில் பையில் போட்டு வந்திருந்தேன்.
பூவின் மேல் குறிவைத்து அழுத்தினேன்:
இருபத்துமூன்று.
ஒரு வில்லாவின் வரவேற்பறைக்கு
இதைக் கொண்டுவர
எனக்கு ஒன்றரை நாளும் நான்கு குழாயும் ஆகும்.

இன்னாசி ரோசலினுக்கு வீடியோ போட்டான்.
"பூவாக் கெடக்கு பாரு."
"வெள்ளைச் செவுருதான் தெரியுது.
எந்த ரூம்ல இருக்க நீ?"
பனிமூட்டம் ஒரு நிமிடம் விலகியது.
பள்ளத்தாக்கு, மஞ்சள், கீழே எங்கோ ஒரு மாட்டின் மணி.
அந்த நிமிடத்தில்தான் சிக்னல் போனது.

மாட்டுக்காரப் பையன் பேர் முசல்லம்.
ஒட்டகங்களுக்கு வழுக்கும் என்று
கீழே சமவெளிக்கு ஓட்டிவிட்டார்களாம்.
மாடுகள் மட்டும் மேலே.
துப்பாக்கியை வாங்கி
செவலை மாட்டின் நெற்றியில் சுட்டுப் பார்த்தான்.
முப்பத்தொன்று.
"கோபமா இருக்கா" என்று அரபியில் சொல்லிச்
சிரித்தான்.
அடுத்து இன்னாசியைச் சுட்டான்.
எண்ணைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

மேலே இன்னும் ஒரு மணிநேரம்.
பூ குறைந்தது, புல் குட்டையானது,
புல் நரைத்தது.
திடீரென்று என் நிழல் என் முன்னால் விழுந்தது.
முதுகுக்குப் பின்னால் மழை நிற்கிறது,
சுவரைப்போல, எங்களோடு வர மறுத்து.
முன்னால் கல், கல்,
துமைரத் பக்கம் முழுக்கக் கல்.
அழுத்தினேன்: நாற்பத்தொன்று.
தெரிந்த எண்.
கை தானாக ஸ்பேனரைத் தேடியது.

இன்னாசி ஒரு பாறையில் உட்கார்ந்து
ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தான்.
தண்ணீர் ஓடி
இரண்டடியில் காய்ந்துபோனது.
"திரும்பிருவோமாடா" என்றான்.
எந்தப் பக்கம் என்று கேட்கத் தேவையில்லை.

இறங்கும்போது கானாவாழை மூடியிருந்தது.
சாலைக்கு வந்ததும் போன் உயிர்த்தது.
ரோசலின்.
"எங்கதான் இருந்த?"
"மழையில."
"ஆடி மாசம், வளைகுடாவுல, மழை.
வேற யார்கிட்டயாவது சொல்லு."

சேறு பூசிய முட்டியைக் காட்டினான்.
பையில் நசுங்கிய இளஞ்சிவப்பைக் காட்டினான்.
"பிளாஸ்டிக்" என்றாள்.
பிறகு அவன் தும்மினான்,
விடாமல் ஐந்தாறு தடவை.

தும்மலை மட்டும் நம்பினாள்.