ஏழாவது பல்

லிவரை இழுத்தால் பதிமூன்று பல் ஏறும்.
அதற்குமேல் பல் இல்லை.
அதற்குமேல் சேவியர்தான்.

வண்டி நிற்குமுன் கதவைத் திறந்து
காலடியில் கிடக்கும் கருங்கல்லோடு குதித்து
பின்சக்கரத்துக்கு அண்டை கொடுப்பார்.
நான் ஓட்டுவேன், அவர் நிறுத்துவார்.
மஞ்சக்குப்பத்தில் கல்லுக்கு வேலை இல்லை,
தட்டில் ஊற்றிய தண்ணீர்போல் ஊர் அது.
நாத்தனார் வீடு மட்டும்
கேப்பர் மலைச் சரிவில்.

கியரில் போட்டு நிறுத்தேன் என்பார்கள்.
முதல் கியர் பாதியில் வெளியே வந்துவிடும்.

வைகாசியில் அவருக்குக் காய்ச்சல்.
தனியாகப் போனேன், இழுத்தேன், இறங்கினேன்.
சொல்லாமல் கிளம்புகிற விருந்தாளி மாதிரி
பின்பக்கமாக, மெதுவாக, போயிற்று.
பலாப்பழக் குவியலில் சாய்ந்து நின்றது.
மூன்று பழம், எண்ணூறு ரூபாய்.
ஒரு வாரம் வீடெல்லாம் அந்த வாசனை.

பட்டறையில் எப்போதும் ஒரே வைத்தியம்:
லிவருக்கு அடியில் நட்டை இறுக்கு, ஐம்பது கொடு.
இரண்டு நாள் பிடிக்கும்.

இந்த முறை நானே ஜாக்கி வைத்தேன்.
டிரம் அசையவில்லை.
விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டி
மண்ணெண்ணெய் விட்டு
ராத்திரி முழுக்க ஊறவைத்து
காலையில் இன்னொரு தட்டு.
கழன்றது.

உள்ளே வண்டல்.
பொடிப்பொடியாக, காய்ந்து, சாம்பல் நிறத்தில்.
கெடிலம்.
வெள்ளத்தில் நின்ற வண்டியில்லை என்று
சர்ச் வாசலில் சத்தியம் செய்து விற்றார்
ஓய்வுபெற்ற அந்த சர்வேயர்.
ஒரு ஆற்றையே ஆறு வருஷமாக
சக்கரத்தில் வைத்துச் சுற்றியிருக்கிறோம்.

"அப்படியா" என்றார் சேவியர்,
பல்துலக்கிக்கொண்டே.

கேபிள் உப்புக்காற்றில் துருவேறி
உறைக்குள்ளேயே ஒட்டிக்கிடந்தது.
இம்பீரியல் ரோட்டில் புதுசு, முந்நூற்று நாற்பது.
ஷூவை உப்புத்தாளில் தேய்த்தேன்.
முதலில் சக்கரத்தில் இடைவெளி குறைக்கணும்,
உரசும்வரை திருப்பி, ஒரு பல் பின்வாங்கணும்.
லிவர் நட்டைத் தொடுவது கடைசியில்.
இத்தனை நாள் தலைகீழாக
கைப்பக்கமே இறுக்கிக்கொண்டிருந்தோம்.

டிக், டிக் என்று எண்ணினேன்.
ஏழில் பிடித்தது.
எட்டுக்கு இழுக்க என் கைக்கு பலம் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கேப்பர் மலை.
ஏழு. இன்ஜினை அணைத்தேன்.
பக்கத்துக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.
"வேண்டாம், உட்காருங்க" என்றேன்.
உட்கார்ந்தார். கல் மடியில்.
எங்களைத் தாண்டி ஒரு முந்திரி லாரி ஏறிப் போனது.
வண்டி கொஞ்சம் நடுங்கி, நின்றது.

இறங்கிப் பத்தடி நடந்து
ரெண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தோம்.
அங்கேயே இருந்தது.

நாத்தனார் கதவைத் திறந்து கேட்டாள்:
"என்னண்ணா, கையில கல்லு?"