ஆறாம் அறைக்காரி கேட்டது

ஆறாம் அறைக்காரி
வெறும் கிளாஸோடு வந்து நின்று கேட்டாள்:
இந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?

உல்லையில் பதினொரு சீசன் பார்த்தவன் நான்.
எந்த முனையில் அலை எழும்,
எந்த ஓட்டோக்காரன் நியாயம்,
பாணமை வீதியை யானை எத்தனை மணிக்குக் கடக்கும்,
எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன்.
இதற்கு மட்டும்
ஒரு சிரிப்பு வைத்திருந்தேன்.

சிரிப்பை அவள் வாங்கவில்லை.
நீ குடிக்கிறாயா என்றாள்.

குடிக்கிறேன்.
என் வயிறு இந்த ஊரிலேயே படித்து
இந்த ஊரிலேயே பாஸானது.
சின்ன வயதில் ஒருநாள் கடல்
எங்கள் கிணற்றுக்குள் இறங்கிப்
போகும்போது உப்பை மறந்துவிட்டுப் போனது.
பிறகு பவுசர் வந்தது.
நீலத் தாங்கி வந்தது.
கடைசியில் மீட்டரோடு குழாய் வந்தது.
குழாய் வந்த அன்று உம்மா
முதல் தண்ணீரைக் கீழே ஊற்றினா,
இரண்டாம் தண்ணீரில் தேயிலை போட்டா.
யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

இதையெல்லாம் இங்கிலீஷில் சொல்ல எனக்கு வராது.
போத்தல் இருக்கு, குளிராக இருக்கு என்றேன்.

அந்த வாரம்தான்
பி.எச்.ஐ. வந்தார், ஐஸ் பெட்டியோடு.
பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக்
குழாயின் வாய்க்குத் தீ வைத்தார்,
உண்மை சொல்லவைக்க வேறு வழி இல்லை என்பதுபோல.
இரண்டு நிமிடம் திறந்துவிட்டார்.
நான் ஓடிப்போய் வாளி வைத்தேன்.
சின்னப் போத்தலில் பிடித்து, மூடி,
நேரமும் தேதியும் எழுதித்
தண்ணீரைக் கல்முனைக்கு ஏற்றினார்.
முடிவு வர இரண்டு கிழமை.

இரண்டு கிழமைக்குள்
அதன் கூடப்பிறந்த தண்ணீரெல்லாம்
தேநீராகி, வுழூவாகி,
பழச்சாற்றுக்குள் ஐஸ் கட்டியாகி,
துவாய்களில் காய்ந்து
எங்கள் முதுகில் வேர்த்தும் போயிற்று.
ஆறாம் அறைக்காரி நாற்பத்திரண்டு போத்தல் வாங்கினாள்.
வெறும் போத்தல்களை எண்ணிச்
சாக்கில் கட்டியவன் நான்.
அவள் விமானம் ஏறி நாலாம் நாள்
கடிதம் வந்தது:
திருப்திகரமற்றது.
சிங்களத்தில் ஒருதரம், தமிழில் ஒருதரம்.
குடித்து முடித்த தண்ணீருக்குத் தீர்ப்பு.

அஜ்வத் முதலாளி அதை நாலாய் மடித்து
லாச்சிக்குள் போட்டார்.
சீசன் முடியட்டும் மனே.

நான் ஏணி வைத்துக் கூரைக்கு ஏறினேன்.
கச்சான் காற்று தாங்கியின் மூடியை
எப்போதோ தென்னையடிக்குக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது.
முந்தின நாள் மழைத்துளிகளை அதில்
இரண்டு கோழிகள் குடித்துக்கொண்டிருந்தன.
தாங்கிக்குள் எட்டிப் பார்த்தேன்.
வானம் சுத்தமாக இருந்தது.
அதற்கு அடியில் காக்கைச் சிறகு,
பாசி, ஒரு விரல் உயரத்துக்கு மண்,
பல்லியாக இருந்த ஏதோ ஒன்று.
குழாய்ச் சபையைத் திட்ட வைத்திருந்த வார்த்தைகளைத்
திருப்பி விழுங்கினேன்.
கேற்றுவரை வந்த தண்ணீர் எப்படியோ தெரியாது.
கேற்றிலிருந்து வாய்வரை உள்ள முப்பது அடி
எங்களுடையது.

பிளீச்சிங் பவுடரில் கண் எரிய எரியத் தேய்த்தேன்.
மூடியைக் கம்பியால் கட்டினேன்.
பிறகு அட்டையும் மார்க்கரும் எடுத்து உட்கார்ந்தேன்.
இங்கிலீஷுக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.
தமிழில்தான் கை நின்றது.
லாம் என்பது வழுக்குகிற எழுத்து.
குடிக்கலாம் என்றால் அனுமதி.
குடிக்கலாம் என்றால் ஒருவேளை.
குடிக்கலாம் வா என்றால் இரண்டு பேரும் சேர்ந்து.
அவள் கேட்டது எந்த லாம்?
பல் விளக்கலாம் என்று எழுதி
அதற்கு மேல் ஒன்றும் எழுதாமல் மாட்டினேன்.

இரவு வீட்டில் மகள் சும்றா
குழாயைத் திறந்து
இரண்டு கையிலும் ஏந்தினாள்.
பொறு என்றேன்.
ஏன் வாப்பா?
கைக்குள் இருந்த தண்ணீர்
விரல்களுக்கிடையே ஒழுகி முடியும்வரை
அவள் பொறுத்தாள்.

எங்கள் தாங்கியின் மூடியை நான் பார்த்தே வருடமாகிறது.
ஏணி ஹோட்டலில் இருக்கிறது.