மூன்று பல் தூரம்

நானும் நிபால்டோவும் ஓட்டுவது ஒரே லாரி.
ஒரே வாரத்தில் அல்ல.
ஏழு நாள் அவன், ஏழு நாள் நான்.
அட்டகாமாப் பாலைவனத்துச் செம்புச் சுரங்கத்தில்
புழுதி கிளம்பாமல் சாலைக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலை.
தெளித்த இடம்
திரும்பி வருவதற்குள் காய்ந்திருக்கும்.
அதற்குத்தான் சம்பளம்.

கோகிம்போவில் வீடும் இதே கதைதான்.
அவன் சிந்திய ரொட்டித் துணுக்கை நான் பெருக்குகிறேன்.
நான் காயாக வாங்கி வைத்த அவகாடோவை
பழுத்த நாளில் அவன் தின்கிறான்.

புருஷன் பெண்டாட்டியை ஒரே அணியில் போடக்கூடாதாம்.
ஏன் என்றால்
மேலாளர் ஒரு காகிதத்தைக் காட்டுகிறார்.
வீட்டுக் கடன் இன்னும் பதினோரு வருஷம்.
எங்களிடமும் காகிதம் இருக்கிறது.

செவ்வாய் விடியலில், வயேனாருக்கு வடக்கே
எங்கள் பேருந்துகள் எதிர்ப்படும்.
இடப்பக்க ஜன்னலை விட்டு
யுலிசெஸ் தானாகவே எழுந்துகொள்வான்.
எதிர்ப் பேருந்தில் ஒரு கைபேசி வெளிச்சம்
அணைந்து அணைந்து எரியும்.
மூன்று நொடி.
கடல்பனி இறங்கிய வாரங்களில் அதுவும் கிடையாது.

லாரியில் ஏறினால்
இருக்கை எங்கோ பின்னால் கிடக்கும்.
கால் எட்டாது.
கண்ணாடியில் சாலைக்குப் பதிலாக வானம்.
நெம்புகோலை இழுத்து
மூன்று பல் முன்னே நகர்வேன்.
அவன் எத்தனை நெட்டை என்பது
அப்போது என் முழங்காலுக்கு ஞாபகம் வரும்.

போன மாதம் ஒரு செவ்வாய்
ஏறி உட்கார்ந்தேன்.
கால் எட்டியது.
கண்ணாடியில் சாலை.
இறங்குமுன் எனக்காகச் சரிசெய்து வைத்திருக்கிறான்,
பிரியமாகத்தான்.
எனக்கோ
யாரும் ஓட்டியிராத வண்டியில் ஏறியது போல் இருந்தது.
முதல் சுற்றிலேயே வளைவில் இரண்டு முறை தண்ணீர் விட்டுச் சேறாக்கி
ரேடியோவில் வசவு வாங்கினேன்.

ராத்திரி முகாமிலிருந்து கூப்பிட்டேன்.
இனிமேல் அந்த இருக்கையைத் தொடாதே,
நீ உட்கார்ந்தபடியே விட்டுவிட்டு வா.

அந்தப் பக்கம் பேச்சில்லை.
முட்டை பொரியும் சத்தம்.
பிறகு,
கேஸ் தீரப்போகிறது, புது சிலிண்டருக்குச் சொல்லட்டுமா என்றான்.
சொல் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து ஏறினேன்.
இருக்கை
நான்கு பல் பின்னால் இருந்தது.
தடியன்.